வழிநூலாகும் இசை: வியன்னாவின் வால்ட்ஸும் சென்னையின் நோட்டுஸ்வரமும்

நூலை முதல்நூல், வழிநூல் என இரண்டாகப் பகுத்தார் தொல்காப்பியர். வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காக வகுத்தார். அவருக்குப் பல நூற்றாண்டுகள் பின்வந்த நன்னூலார், முன்னோர் கண்ட முடிபோடு ஒத்தும், பின்வந்தவன் தான் வேண்டிய வேறுபாடுகளைச் சேர்த்தும், மரபு அழியாமல் இயற்றுவதே வழிநூல் என்று வரையறுத்தார். பிறர் ஆக்கியதை மீண்டும் ஆக்குவது இழிவன்று. அதற்கும் நெறியுண்டு, வகையுண்டு, பெருமையுண்டு என்பதே இவ்விருவர் கருத்தின் சாரம். வான்மீகியின் வழிச் சென்ற கம்பரைத் தமிழுலகம் இரவலாளராக எண்ணியதில்லை.

எழுத்துக்கு வகுத்த இந்நெறி இசைக்கும் பொருந்துமா? பொருத்திப் பார்ப்பதற்கு ஏற்ற நிகழ்ச்சிகள் இரண்டு உள்ளன. ஒன்று, 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஐரோப்பியப் பியானோ வல்லுநர்கள், வால்ட்ஸ் என்னும் நடன இசையைத் தத்தம் விரல்களுக்கேற்ப மீண்டும் இயற்றியது. மற்றொன்று, அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே சென்னைக் கோட்டையைச் சூழ்ந்து ஒலித்த ஐரோப்பிய மெட்டுகளை முத்துசுவாமி தீட்சிதர் தெய்வப் பாடல்களாக ஆக்கியது. இவை ஒன்றையொன்று அறியாமல் நிகழ்ந்தவை. எனினும் இரண்டும் ஒரே வினாவை எழுப்புகின்றன: பிறர் மெட்டைக் கையிலெடுத்தவன் ஆக்குபவனா, அலங்கரிப்பவனா?

வால்ட்ஸ் என்னும் சுழற்சி

வால்ட்ஸ் என்னும் பெயர், சுழலுதல் என்று பொருள்படும் ஜெர்மானிய வினைச்சொல்லிலிருந்து பிறந்தது. ஆஸ்திரிய, பவேரியச் சிற்றூர்களில் ஆடப்பட்ட மும்மை நடை ஆடல்களிலிருந்து அது வளர்ந்தது. தாளத்தின் மூன்று தட்டுகளில் முதலாவது அழுத்தம் பெறும்; பின்னிரண்டும் மெலியும். தமிழ்க் காதுக்கு இது புதிதன்று. தகிட என்னும் சொற்கட்டும், பெரும்பாலும் திஸ்ர நடையில் பாடப்பெறும் காவடிச் சிந்தும் இந்த மூன்றன் நடைக்கு உறவினவே. காவடிச் சிந்து மலையேறுவோரின் அடிவைப்புக்கு இசைந்தது. வால்ட்ஸ் மெழுகிட்ட தரையில் இணையராய்ச் சுழல்வோருக்கு இசைந்தது. நடை ஒன்று, நடப்போர் வேறு.

நெப்போலியன் வீழ்ச்சியையொட்டி 1814–15இல் ஐரோப்பிய அரசுகள் வியன்னாவில் கூடிய மாநாட்டின்போது இந்த ஆடல் அரண்மனைகளின் விருப்பத்துக்குரியதாயிற்று. ஆணும் பெண்ணும் தழுவி ஆடுவது ஒழுக்கக்கேடு என்ற கூக்குரலும் எழுந்தது. ஆங்கிலக் கவிஞர் பைரன் 1813இல் இதனை எள்ளி ஒரு செய்யுள் வெளியிட்டார். லண்டனின் டைம்ஸ் நாளிதழ் 1816இல் கண்டித்து எழுதியது. கண்டனம் ஆடலை நிறுத்தவில்லை. தந்தை யோஹான் ஸ்ட்ராஸும் (1804–1849), அதே பெயருடைய மகனும் (1825–1899) வியன்னாவை வால்ட்ஸ் நகரமாக்கினர்.

மகன் ஸ்ட்ராஸின் புகழ்பெற்ற ‘அழகிய நீல டான்யூப்’, 1867 பிப்ரவரி 15 அன்று ஆண்கள் சேர்ந்திசையாக முதலில் அரங்கேறியது. முந்தைய ஆண்டுதான் ஆஸ்திரியா போரில் பிரஷ்யாவிடம் தோற்றிருந்தது. அவ்வாண்டே பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் சொற்களற்ற வாத்திய இசையாக ஒலித்தபோது அம்மெட்டு உலகெங்கும் பரவியது. முன்னுரை போன்ற ஒரு தொடக்கம், ஐந்து வால்ட்ஸ்கள், அவற்றை நினைவூட்டி முடிக்கும் நிறைவு என்பது அதன் கட்டமைப்பு. கடுமையான இலக்கண நெறி நின்ற பிராம்ஸ், ஸ்ட்ராஸ் குடும்பத்துப் பெண்ணொருவரின் விசிறியில் இந்த மெட்டின் சில சுரங்களை எழுதி, இது தம்முடையதாக இல்லாமற்போயிற்றே என்று வருந்திக் கையெழுத்திட்டார் என்பர். ஆடலரங்கின் மெட்டைப் பேரிசைஞர் ஒருவர் பொறாமையோடு நோக்கிய நிகழ்ச்சி இது.

பத்து விரல்களில் ஒரு வாத்தியக் குழு

ஆடுவதற்கன்றிக் கேட்பதற்கென்றே வால்ட்ஸை அமைத்த முன்னோடி கார்ல் மரியா ஃபான் வேபர். 1819இல் அவர் பியானோவுக்கு இயற்றிய ‘நடனத்துக்கு அழைப்பு’ ஒரு சிறு நாடகம். ஓர் ஆடவன் மெல்ல அழைக்கிறான்; பெண் தயங்கி விடை கூறுகிறாள்; ஆடல் தொடங்கிச் சுழன்று முடிகிறது; இறுதியில் அவன் நன்றி கூறி விடைபெறுகிறான். ஆடல் முடிந்ததும் இசையே முடிந்ததென்று கைதட்டிவிடும் அவையினர் இன்றும் உண்டு. இதனை 1841இல் பெர்லியோஸ் வாத்தியக் குழுவுக்கு மாற்றினார். பின்னர் டௌசிக்கும் கோடாவ்ஸ்கியும் பியானோவிலேயே அதனை மேலும் பின்னலுடையதாக மீண்டும் இயற்றினர். ஒரு முதல்நூலுக்கு மூன்று வழிநூல்கள்.

இவ்வாக்கங்களின் தொழில்நுட்பம் எளிதில் விளங்கக்கூடியது. வாத்தியக் குழுவில் மெட்டை வயலின்கள் ஏற்கும். அடித்தாளத்தைத் தாழ்ந்த குரல் வாத்தியங்கள் ஏற்கும். குழல்கள் இடையே விடை கூறும். இத்தனை பேரின் பணியையும் பியானோவில் ஒருவரே செய்யவேண்டும். இடக்கை முதல் தட்டில் தாழ்ந்த சுரத்தைத் தொட்டுவிட்டு, கண்ணிமைப்பதற்குள் மேலே தாவி, மற்ற இரு தட்டுகளுக்கும் பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கவேண்டும். வலக்கை மெட்டைப் பாடிக்கொண்டே அதன்மேல் அணிகளையும் பொழியவேண்டும். தால்பெர்க் (1812–1871) என்னும் கலைஞர், மெட்டை இரு கைகளின் பெருவிரல்களுக்கும் நடுவில் பகிர்ந்துகொடுத்து, ஏனைய விரல்களால் மேலும் கீழும் சுரவரிசைகளை ஓடவிட்டார். விரலெடுத்த பின்னும் மெட்டின் சுரம் நின்றொலிக்க மிதிகட்டை உதவியது. கேட்டவர்கள் மூன்றாவது கை எங்கே என்று தேடினர்.

தொல்காப்பியரின் நால்வகை இங்கே வியக்கத்தக்க முறையில் பொருந்துகிறது.

தொகுத்தலுக்குச் சான்று ஃபிரான்ஸ் லிஸ்ட். ஷூபர்ட் (1797–1828) நண்பர்களின் வீடுகளில் மாலைநேரக் கூட்டங்களில் வாசித்த சின்னஞ்சிறு நடன இசைத்துணுக்குகள் ஏராளம். ஒவ்வொன்றும் சில கணங்களில் முடிந்துவிடும் தனிப்பாடல் போன்றது. லிஸ்ட் அவற்றுள் சிலவற்றைத் தேர்ந்து, இணைப்புப் பகுதிகளால் கோத்து, ‘வியன்னா மாலைகள்’ என்ற பெயரில் ஒன்பது ஆக்கங்களாக 1852இல் வெளியிட்டார். உதிரிப் பூக்கள் தொடையலாயின. அகநானூறு, புறநானூறு எனத் தொகைநூல்களை உடைய மொழியினர்க்குத் தொகுத்தவனின் பங்கை விளக்கவேண்டுவதில்லை.

தொகைவிரிக்குச் சான்று கார்ல் டௌசிக். 14ஆம் வயதில் லிஸ்டிடம் மாணவராகச் சேர்ந்த இவர், ஸ்ட்ராஸின் வால்ட்ஸ்களைப் பியானோவுக்கு ஆக்கியபோது ‘புதிய வியன்னா மாலைகள்’ என்று பெயரிட்டார். ஆசிரியரின் தலைப்பையே நீட்டித்துத் தம் வழியைப் பெயரிலேயே அறிவித்த பணிவு அது. பலர் வாசிக்கும் இசை ஒருவர் கைக்குள் சுருங்குவது தொகை; சுருங்கியது புதிய அணிகளால் மலர்வது விரி. 1871இல், 29ஆம் வயதில், டைஃபாய்டு காய்ச்சலால் லைப்சிக் நகரில் டௌசிக் மறைந்தார். அடோல்ஃப் ஷுல்ஸ்-எவ்லர் (1852–1905) நீல டான்யூபை மாற்றி அமைத்ததும் இவ்வகையினதே. மூலத்தில் வயலின்களின் நடுக்கமாக வரும் தொடக்கம், இவர் கையில் விசைப்பலகை முழுதும் சிதறும் நீர்த்திவலைகளாகிறது. மெட்டு வருமுன்பே ஆறு கேட்டுவிடுகிறது. யோசெஃப் லெவின் 1928இல் செய்த ஒலிப்பதிவு இதற்கு நிலைத்த சான்றாக விளங்குகிறது.

விரித்தலின் உச்சம் லியோபோல்ட் கோடாவ்ஸ்கி (1870–1938). ஸ்ட்ராஸின் ‘கலைஞன் வாழ்வு’, ‘வௌவால்’, ‘மதுவும் மங்கையும் பாட்டும்’ ஆகியவற்றை அடிப்படையாக்கி இவர் இயற்றியவற்றில், ஒரு மெட்டு முடிந்த பின் அடுத்தது வருவதில்லை. வலக்கையில் ஒரு வால்ட்ஸ் பாடும்போதே இடக்கையில் வேறொரு வால்ட்ஸ் அதற்கு இசைவாய் நடக்கிறது; நடுக்குரலில் மூன்றாவதொன்று எட்டிப் பார்க்கிறது. மூலத்தில் தனித்தனியே நின்ற மெட்டுகள் ஒருங்கே ஒலிக்கவல்லவை என்பதை முதலாசிரியரே எண்ணியிருக்கமாட்டார். ஒரு செய்யுளுக்குள் மறைந்துகிடந்த வேறு பொருளை உரையாசிரியன் வெளிக்கொணர்வதற்கு இது நிகர். பரிமேலழகர் உரையைப் படித்தவர்க்குக் குறள் முன்போல் இருப்பதில்லை. கோடாவ்ஸ்கியைக் கேட்டவர்க்கு ஸ்ட்ராஸும் முன்போல் இருப்பதில்லை.

எனினும் இவ்வாக்கங்கள் பழிக்கப்பட்டன. ஆசிரியன் எழுதியதை எழுதியவாறே வாசித்தலே அறம் என்னும் கொள்கை 20ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. வழிநூலாசிரியர்கள் விரல்வித்தைக்காரர் எனப்பட்டனர். இவ்வகை இசை நிகழ்ச்சி நிரலின் நடுவிலிருந்து நீங்கிக் கடைசிக்குத் தள்ளப்பட்டது. பல மேடைகளில் அங்கிருந்தும் மறைந்தது. 1974இல் கியூபாவில் பிறந்த ஹோர்ஹே போலெட், நியூயார்க்கின் கார்னகி அரங்கில் டௌசிக்கின் ஸ்ட்ராஸ் ஆக்கத்தையும் ஷுல்ஸ்-எவ்லரின் டான்யூபையும் வாசித்தார். அக்கச்சேரியின் ஒலிப்பதிவு வெளிவந்து, மறக்கப்பட்ட கலைக்கு மதிப்பை மீட்டுத் தந்தது.

கோட்டையில் கேட்ட மெட்டு

தொல்காப்பியர் கூறிய நான்காம் வகையாகிய மொழிபெயர்த்தலுக்கு வியன்னாவில் அன்று, சென்னையில்தான் சான்று தேடவேண்டும்.

தீட்சிதரின் தந்தை இராமசுவாமி தீட்சிதர், சென்னைக்கு வடக்கேயுள்ள மணலியில் கிழக்கிந்தியக் கும்பினியின் துபாஷியான முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் குடும்பத்தோடு வாழ்ந்தார். அவருடைய மகன் சின்னையா முதலியார் என்னும் வேங்கடகிருஷ்ண முதலியார், தீட்சிதர் குடும்பத்தினர் புனித ஜார்ஜ் கோட்டையில் ஐரோப்பிய வாத்தியக் குழுவைக் கேட்க வழிசெய்தார் என்பது மரபுவழிச் செய்தி. இளையவர் பாலுசுவாமி ஓர் ஐரோப்பியரிடம் வயலின் பயின்றார். தென்னக இசைக்கு வயலின் வந்த வாயில்களுள் அதுவும் ஒன்று. மூத்தவர் முத்துசுவாமி, கேட்ட மெட்டுகளுக்கு வடமொழிச் சொற்கள் அமைத்தார். அவையே நோட்டுஸ்வர சாகித்தியங்கள். நாற்பதையொட்டிய எண்ணிக்கையில் அவை இன்று வழங்குகின்றன.

தீட்சிதர் 1835இல் மறைந்தவர்; ஸ்ட்ராஸ் மகனுக்கு அப்போது பத்து வயதே. ஆகவே அவர் கேட்டவை ஸ்ட்ராஸின் வால்ட்ஸ்கள் அல்ல. வால்ட்ஸுக்கு மூத்த நடனங்களும் அணிநடை இசையும் நாட்டுப்பாடல்களுமே. எனினும் மும்மை நடை அங்கும் உண்டு. ‘சந்ததம் பாஹிமாம்’ என்னும் பாடலின் மெட்டு, மூன்று தட்டு நடையில் அமைந்த ஆங்கில அரசு வாழ்த்தே. மன்னனைக் காக்க இறைவனை வேண்டிய மெட்டில், தன்னைக் காக்கும்படி சியாமளையை வேண்டினார் தீட்சிதர். ஆட்சியாளரின் வாழ்த்து அடியவரின் வேண்டுதலானது. மெட்டில் ஒரு சுரமும் பகைமை காட்டவில்லை. ஆயினும் மன்னனின் இடத்தில் வேறொருத்தி அமர்ந்துவிட்டாள்.

‘சியாமளே மீனாக்ஷி’ என்னும் பாடலின் வரலாறு இன்னும் சுவையானது. அதன் மெட்டு, பள்ளிப்பிள்ளைகள் விண்மீனைப் பார்த்துப் பாடும் ஆங்கிலப் பாட்டின் மெட்டு. அதற்கும் மூலம் பழைய பிரெஞ்சுப் பாடல். அதே மெட்டைக் கொண்டு மொசார்ட் பியானோவுக்குப் பன்னிரண்டு வேறுபாடுகள் இயற்றினார். ஒரே எளிய மெட்டு. வியன்னாவில் அது விரல்களின் வழியே பன்னிரு முறை உருமாறிற்று. தென்னாட்டில் சொல்லின் வழியே ஒருமுறை பிறவி மாறிற்று. மொசார்ட் சுரங்களைப் பெருக்கினார். தீட்சிதர் சுரங்களைத் தொடாமல் பொருளை மாற்றினார். பியானோ வல்லுநரின் விரித்தலுக்கும் சாகித்தியகர்த்தரின் மொழிபெயர்த்தலுக்கும் உள்ள வேற்றுமையை விளக்க இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பதரிது.

இப்பாடல்கள் சங்கராபரணத்தின் சுரங்களில் அமைந்தவை. மேலைநாட்டார் பெரிதும் கையாளும் சுரவரிசை அந்த இராகத்தின் சுரத்தானங்களோடு ஒத்துப்போவதே காரணம். எனினும் சங்கராபரணத்துக்கு உயிர் தரும் கமகங்கள் இவற்றில் இல்லை. காம்போதியையும் தோடியையும் பெருகவிட்ட அதே தீட்சிதர், இங்கே அசைவற்ற நேர்சுரங்களை அவ்வாறே விட்டுவைத்தார். மூலத்தின் முகம் மாறாதிருக்க வேண்டுமென்னும் கட்டுப்பாடு அது. தம் முத்திரையாகிய ‘குருகுஹ’ என்னும் சொல்லை மட்டும் பதித்தார்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு வழிநூல் முயற்சி நடந்தது. சென்னையில் வாழ்ந்த தமிழ்க் கிறித்தவ அறிஞர் அ. மா. சின்னசாமி முதலியார், தென்னக இசையுருப்படிகளை ஐரோப்பியர் வாசிக்கும் ஐங்கோட்டுக் குறியீட்டில் எழுதி 1893இல் வெளியிட்டார். எட்டயபுரம் அரசவையில் இருந்த சுப்பராம தீட்சிதரைத் தூண்டி, ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூல் 1904இல் வெளிவருவதற்கு வித்திட்டவரும் அவரே. கோட்டையின் மெட்டு கோயிலுக்குச் சென்றது போலவே கோயிலின் மெட்டும் பியானோவின் தாங்கியில் வைக்கத்தக்க தாளாகிற்று.

பியானோ ஏன் மேடையேறவில்லை

வயலினைத் தன்வயமாக்கிக்கொண்ட தென்னகம் பியானோவை ஏற்கவில்லை. வாய்ப்பில்லாமையன்று காரணம். 1842இலேயே மவுண்ட் ரோட்டில் மிஸ்குவித் நிறுவனம் பியானோக்களை விற்றது. அதுவே பின்னர் மியூசி மியூசிகல் எனப் பெயர் பெற்று, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வுகளுக்கு நெடுங்காலம் நிலைக்களமாயிற்று. சேர்ந்திசைக்கென மெட்ராஸ் மியூசிகல் அசோசியேஷன் 1893இல் தோன்றியது. அடையாறில் பிரம்மஞான சபையைச் சார்ந்து பணியாற்றிய அயர்லாந்து இசைப்பட்டதாரி மார்கரெட் கசின்ஸ், 1919இல் மதனப்பள்ளியில் தாகூர் பாடக் கேட்டு ‘ஜன கண மன’ பாடலுக்கு மேலைக் குறியீட்டில் சுரம் எழுதினார். பியானோ நகருக்குள் இருந்தது. கச்சேரி மேடைக்குத்தான் வரவில்லை.

காரணம் கருவியின் இயல்பிலேயே உள்ளது. வயலின் தந்தியில் விரல் வழுக்கிச் செல்லலாம்; ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு இடைவெளியின்றி நகரலாம். பியானோவின் ஒவ்வொரு கட்டையும் நிலைத்த ஒரு சுரம். இரு கட்டைகளுக்கு நடுவில் இருப்பதை அது ஒலிக்காது. கமகம் வாழ்வதோ அந்த நடுவில்தான். பியானோ வல்லுநரின் கலை, ஒரே நேரத்தில் பல சுரங்களை அடுக்குவது. தென்னக இசைஞரின் கலை, ஒரே சுரத்துக்குள் பல அசைவுகளைக் காண்பது. ஒன்று கட்டடம், மற்றொன்று கோடு. எனவே மேலைநடனம் சென்னைக்கு வந்தபோது அதன் மெட்டும் நடையும் ஏற்கப்பட்டன. விரல்வன்மை வாயிலிலேயே நின்றது.

மயிலாப்பூரின் துக்கடா

விரல்வன்மை நின்றுவிட்டது என்பதும் முழு உண்மையன்று. அது குரலாக வேடமிட்டு உள்ளே நுழைந்தது. அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் (1877–1945), மேலைநாட்டு வாத்தியக் குழுவின் போக்கில் சங்கராபரண சுரங்களைக் கோத்து ஒன்றை அமைத்தார். ‘இங்கிலீஷ் நோட்’ என்பது அதன் பெயர். மயிலாப்பூரில் வாழ்ந்த மதுரை மணி ஐயர் (1912–1968) அதைப் பாடிப்பாடித் தமக்கே உரியதாக்கிக்கொண்டார். கச்சேரி முடியும் தறுவாயில் அவையினர் அதனை விரும்பிக் கேட்பதும், பந்தலுக்கு வெளியே தெருவில் நின்றவர்களும் அதற்காகக் காத்திருப்பதும் அக்காலத்து வழக்கம்.

அவர் பாடிய முறையில் கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. சுரம் பாடுவதிலே தனிப்பெயர் பெற்றவர் அவர். கமகமின்றி, சுரத்துக்குச் சுரம் தெளிவாகத் துள்ளி விழும் அந்தப் பகுதிகளில் குரல் ஏறத்தாழ விசைப்பலகையின் வேலையைச் செய்கிறது. விரைவும் தெளிவும் விளையாட்டும் ஒருங்கே அமைந்த அந்தக் கலை, டௌசிக்கின் கலைக்குத் தொலைதூர உறவு. இரண்டுக்கும் கிடைத்த இடமும் ஒன்றே: கச்சேரியின் கடைசி. தென்னகத்தில் அதற்குத் துக்கடா என்று பெயர். இராகம்–தானம்–பல்லவியின் கனத்தைச் சுமந்த அவை, இறுதியில் சற்றே இளைப்பாறும் இடம் அது. தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களோ அந்த இடத்தைக்கூடப் பெறாமல் பெரும்பாலும் தொடக்க மாணவர்க்குரிய பாடங்களாயின.

துக்கடா என்பது இடத்தைக் குறிக்கும் சொல், தரத்தைக் குறிப்பதன்று. இந்த வேற்றுமை மறக்கப்பட்டதாலேயே வியன்னாவிலும் மயிலாப்பூரிலும் இவ்வகை ஆக்கங்கள் நெடுங்காலம் ஆய்வாளர் கண்ணிற்படவில்லை. எளிதில் மகிழ்விப்பது எளிதில் இயற்றப்பட்டது என்று கருதுவது பிழை. தனிப்பாடல் திரட்டிலுள்ள சிலேடைப் பாக்களுக்கும் இக்குறையே நேர்ந்தது என்பதைப் புலவர் அறிவர்.

லஸ் முனையில் ஒரு மேலையிசைப் பள்ளி

மயிலாப்பூரின் கதை சபா மேடைகளோடு முடியவில்லை. 1960களின் பிற்பகுதியில், லஸ் அருகே விடுதி அறையொன்றில் தன்ராஜ் மாஸ்டர் மேலைச் செவ்விசை கற்பித்து வந்தார். தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர் அங்கே பாக், மொசார்ட், ஷூபர்ட் ஆகியோரின் ஏடுகளை வாசிக்கக் கற்றார். அவரே இளையராஜா. 1986இல் அவர் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ என்னும் இசைத்தொகுப்பு, தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. அதிலுள்ள ஒரு பகுதியில் பாக்கின் வயலின் இசை அப்படியே ஒலிக்க, அதனோடு தென்னக வயலின் உரையாடுகிறது. பாக் தம் வீட்டுக்கு வந்ததாகவே அப்பகுதிக்குத் தலைப்பு இட்டார். டௌசிக் தம் ஆசிரியரின் தலைப்பை ஏற்றது போன்ற வெளிப்படையான வணக்கம் இது.

தியாகராய நகரையும் கோடம்பாக்கத்தையும் சுற்றி வளர்ந்த திரையிசை, மும்மை நடையை இயல்பாகவே கையாண்டது. காவடிச் சிந்தும் வால்ட்ஸும் ஒரே நடையின் இரு உடைகள் என்பதால், தமிழ்ச் சொற்கள் அந்தச் சுழற்சியில் தடுக்கி விழவில்லை. தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்ற மற்றொருவரான ஏ. ஆர். ரகுமான் 2008இல் சென்னையில் நிறுவிய கே. எம். இசைக் கல்லூரியில் பியானோ முறையாகக் கற்பிக்கப்படுகிறது. பியானோவும் கருநாடகக் குரலும் ஒரே மேடையில் அமரும் கச்சேரிகளையும் இந்நகரம் 21ஆம் நூற்றாண்டில் கேட்டுவிட்டது. வாயிலில் நின்ற விருந்தாளி இருநூறு ஆண்டுகளுக்குப் பின் கூடத்துக்குள் அழைக்கப்பட்டிருக்கிறார்.

வழியும் களவும்

இங்கே ஒரு தடை எழலாம். பிறர் மெட்டை எடுத்தாள்வதெல்லாம் வழிநூல் எனின் களவு என ஒன்று இல்லையா? உண்டு. இரண்டையும் பிரிக்கும் உரைகல்லும் எளிதே. வழிநூலில், மூலம் நினைவுக்கு வருந்தோறும் சுவை பெருகும். நீல டான்யூபை அறிந்தவர்க்கே ஷுல்ஸ்-எவ்லரின் தொடக்கத்தில் ஒளிந்துள்ள ஆறு புலப்படும். அரசு வாழ்த்தை அறிந்தவர்க்கே தீட்சிதர் செய்த இடமாற்றத்தின் துணிவு புலப்படும். களவிலோ, மூலம் நினைவுக்கு வந்த கணமே சுவை குன்றும். அதனாலேயே வழிநூலாசிரியன் மூலத்தைச் சுட்டுகிறான்; கள்வன் மறைக்கிறான்.

ஐரோப்பிய நிகழ்ச்சி நிரல்களில் இவ்வாக்கங்களை ஸ்ட்ராஸ்–டௌசிக், ஷூபர்ட்–லிஸ்ட் என்று இணைத்து அச்சிடுவது மரபு. இரு பெயர்களுக்கிடையே ஒரு சிறு கோடு. மூலமும் உரையும் என்று தமிழ் நூல்களின் முகப்பில் அச்சிடுவதற்கு ஒப்பானது அது. சுப்பராம தீட்சிதர் வாழ்ந்த அதே எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த பாரதியும் இந்தக் கோட்டை அறிந்தவர். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திர மெட்டுகளில் அரசியல் பாடல்கள் இயற்றியபோது, இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று தலைப்பிலேயே குறித்தார். பண்ணையாரிடம் விடுதலை வேண்டிய நந்தனாரின் குரல், அயலாட்சியிடம் விடுதலை வேண்டியவர்களின் குரலுக்குள் அதனால் சேர்ந்தொலிக்கிறது. மெட்டின் பெயரை மறைத்திருந்தால் அந்த இரண்டாம் குரல் கேட்டிராது.

நோட்டுஸ்வரத்துக்கு அந்தக் கோடு அமையவில்லை. தீட்சிதரின் பெயர் நின்றது. கோட்டை வாத்தியக் குழுவில் ஊதியவர்களின் பெயர்களும், பெரும்பாலான மெட்டுகளை முதலில் கட்டியவர்களின் பெயர்களும் நிற்கவில்லை. அவர்களுள் பலர் தம் நாட்டிலேயே பெயரற்ற நாட்டுப்பாடகர்கள். தீட்சிதர் மறைத்தார் என்பதற்கில்லை. நோட்டு என்னும் பெயரே மூலத்தின் திசையைச் சொல்லிவிடுகிறது. ஆனால் மேடையில் பாடுவோர், இம்மெட்டு இன்ன நாட்டிலிருந்து வந்தது என்று ஒரு சொல் கூறுவார்களாயின் பாடலின் பெருமை ஒரு துளியும் குறையாது. அவையின் சுவை இருமடங்காகும்.

கவிஞர்க்கு இதனால் பெறப்படுவது யாது? தழுவலும் மொழிபெயர்ப்பும் பிறர் மெட்டுக்கு எழுதுதலும் இரண்டாந்தரப் பணிகள் என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. எவர் சாயலும் படாமல் எழுதுவதே படைப்பு என்னும் கருத்து மிக அண்மையது. தொல்காப்பியர் அதனை அறியார். ஷூபர்ட்டின் சின்னஞ்சிறு நடனத்தை லிஸ்ட் தொட்டதால் ஷூபர்ட் சிறுமையடையவில்லை, லிஸ்டும் சிறுமையடையவில்லை. கோட்டை மெட்டைத் தொட்ட தீட்சிதரின் நவாவரணக் கீர்த்தனைகள் அதனால் ஒளி குன்றவில்லை. பெரியோர் கைகளில் வழிநூல் என்பது வறுமையின் அடையாளமன்று. கேட்ட காதின் நன்றி.

கவியரங்கில் பிறர் மெட்டிலோ பிறர் கருத்திலோ பாட்டு அரங்கேறும்போது, அதன் தலைப்பின்கீழ் முன்னோனின் பெயர் ஒரு வரி இடம்பெறட்டும். எழுத அரை நொடி ஆகும் அந்த வரியில்தான், பின்வந்தவன் தன் வேறுபாட்டைக் காட்டுவதற்கான உரிமையும் பிறக்கிறது.